ஜிம் கார்டு வேண்டாம்... ஒரு மணி நேரம் கொடுங்கள்!

கூப்பனும் கார்டும் தந்து ஊழியரைத் திருப்திப்படுத்திய காலம் முடிகிறது. இனி நிறுவனங்கள் எதைத் தர வேண்டும்? யாருக்கெல்லாம் தர வேண்டும்?

பழைய வருமான வரி முறையில், பிள்ளையின் கல்விக்காக அலுவலகம் தரும் படியில் மாதம் 100 ரூபாய்க்குத்தான் நீண்ட காலமாக வரிவிலக்கு இருந்தது. அதுவும் இரண்டு பிள்ளைகள் வரைதான். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால் 300 ரூபாய். உணவுக் கூப்பனில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 50 ரூபாயாக இருந்தது. சென்னையில் மதியச் சாப்பாடு என்ன விலை விற்கிறது, ஒன்றாம் வகுப்புக்கு என்ன கட்டணம் கேட்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இந்தத் தொகைகளைப் பார்த்தால் பெருமூச்சுத்தான் விடுவார்கள்.

ஆனாலும் இந்தச் சில்லறைத் தொகைகளைக் கோத்துத்தான் நம் நிறுவனங்கள் பலவும் ‘ஃப்ளெக்ஸி பெனிஃபிட்’ என்ற சலுகைத் திட்டத்தைக் கட்டின. இன்று அந்தத் திட்டத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டிருக்கிறது. அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஊழியரின் அன்றாட வாழ்க்கைக்கு எது உதவும் என்று நிறுவனங்கள் நேர்மையாக யோசிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

வரிக்காகப் பிறந்த கூடை

இந்தத் திட்டம் எப்படி இயங்குகிறது? வேலைக்குச் சேரும்போது ஆண்டுக்கு இவ்வளவு என்று ‘சி.டி.சி.’ பேசி முடிவாகிறது. அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, பி.எஃப். போக மிஞ்சும் தொகையில் ஒரு பகுதியைக் கூடையாக வைக்கிறார்கள். உணவுக் கூப்பன், பெட்ரோல் செலவு, தொலைபேசிக் கட்டணம், நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை குடும்பத்தோடு போய்வரும் பயணச் செலவு என்று அந்தக் கூடையில் பல பிரிவுகள். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்று ஊழியர் ஏப்ரல் மாதமே எழுதித் தர வேண்டும். பிறகு மாதம்தோறும் பில்களைச் சேர்த்து இணையத்தில் ஏற்ற வேண்டும். பில் தராத தொகை நிதியாண்டின் கடைசியில் வரி பிடித்துக்கொண்டு சம்பளமாகக் கைக்கு வரும்.

இதில் நிறுவனம் கூடுதலாகக் கொடுத்தது என்ன? பெரும்பாலான இடங்களில் ஒன்றுமில்லை. ஊழியரின் சொந்தச் சம்பளமே பல பெயர்களில் பிரிந்து வந்தது. லாபம் என்றால் வரியில் மிச்சமாகும் பணம் மட்டும்தான். அதிக வரி கட்டுகிறவருக்கு அதிக லாபம். வரி வரம்புக்குள்ளேயே வராத கடைநிலை ஊழியருக்குச் சல்லிக்காசு இல்லை.

2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறை இயல்பான முறையாகிவிட்டது. பழைய முறைதான் வேண்டும் என்றால் நாமாகக் கேட்க வேண்டும். 2025-26-லிருந்து புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை ஆண்டு வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு தனி. அதே சமயம் வீட்டு வாடகைப் படி, பயணச் சலுகை ஆகியவற்றுக்கான விலக்குகள் புதிய முறையில் இல்லை. வரி மிச்சத்துக்காகப் பிறந்த கூடை இதனால் பெரும்பாலான ஊழியருக்குப் பயனில்லாமல் போய்விட்டது. சலுகை என்று ஒன்றை இனியும் தர விரும்பும் நிறுவனம் தன் பையிலிருந்துதான் எடுத்துத் தர வேண்டும்.

வெளியில் எப்படிச் செய்கிறார்கள்?

ஊழியர் தனக்கு வேண்டிய சலுகையைத் தானே தேர்ந்தெடுக்கும் திட்டம் அமெரிக்காவில் பரவியதற்கு முக்கியக் காரணம் 1978-ல் வந்த வருவாய்ச் சட்டம். அங்கே இதற்குக் ‘கஃபெடீரியா திட்டம்’ என்று பெயர். மருத்துவக் காப்பீடு, குழந்தைப் பராமரிப்பு, ரொக்கம் என்று வைக்கப்பட்டவற்றில் அவரவர் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். சலுகையின் பெரும் பங்கு உயர் சம்பளக்காரர்களுக்கே போனால், அவர்களுக்கு வரிவிலக்கு கிடைக்காது என்ற நிபந்தனையையும் அந்தச் சட்டம் வைத்தது.

ஸ்வீடனில் உடற்பயிற்சிக்கும் ஆரோக்கியத்துக்குமான படியாக ஆண்டுக்கு 5,000 குரோனர் வரை நிறுவனங்கள் வரியில்லாமல் தரலாம். நீச்சல், யோகா, நடனம், மசாஜ் என்று எதைச் செய்வது என்பது ஊழியர் விருப்பம். ஆனால், எல்லா ஊழியருக்கும் அந்தப் படி இருந்தால்தான் வரிவிலக்கு. மேலாளருக்கு மட்டும், தலைமை அலுவலகத்துக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுக்க முடியாது.

பணத்தைப் போலவே நேரத்தையும் ஊழியர் கையில் கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1967-ல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அருகே ஒட்டோபுருன் என்ற ஊரில் இருந்த விமானத் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் வாசலில் தினமும் வாகன நெரிசல். நாளின் நடுவே சில மணி நேரம் எல்லோரும் இருக்க வேண்டும். காலையில் எப்போது வருவது, மாலையில் எப்போது போவது என்பது அவரவர் முடிவு என்று அறிவித்தார்கள். நெரிசல் தீர்ந்தது. அந்த ஏற்பாடு ஐரோப்பா முழுவதும் பரவியது. பிரிட்டனில் வேலை நேரத்தையும் இடத்தையும் மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை 2003-ல் சிறு குழந்தைகளின் பெற்றோருக்குக் கிடைத்தது. 2024 ஏப்ரல் முதல் எல்லா ஊழியருக்கும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு.

ஒரே சலுகை, வேறு வேறு வாழ்க்கை

பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஏதாவது ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். 24 வயது இளைஞர் ஊரில் இருக்கும் அப்பாவின் இதய சிகிச்சைக்கு என்ன செய்வது என்று தவிக்கிறார். இரண்டு வயதுக் குழந்தையின் தாய், மாலை ஆறு மணிக்குக் காப்பகம் மூடுமுன் போய்ச் சேர வேண்டும். 50 வயதைத் தொட்டவருக்குப் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்த மூவருக்கும் நிறுவனம் தருவது ஒரே ஜிம் கார்டு. மூவரும் அதைப் பயன்படுத்தப் போவதில்லை.

ஜிம்முக்குச் செலவாகும் அதே தொகையை ஒரு கணக்கில் போட்டு, ‘பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்கா, குழந்தைக் காப்பகத்துக்கா, வீட்டுக்கு வரும் செவிலியருக்கா, மேற்படிப்புக்கா, உடற்பயிற்சிக்கா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்றால் மூவருக்கும் பயன்படும். வாழ்க்கைமுறைச் செலவுக் கணக்கு என்று வெளிநாட்டு நிறுவனங்கள் நடத்துவது இதைத்தான். நம் நாட்டில் இதற்குத் தனி வரிச் சலுகை இல்லை. தொகை சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படக்கூடும். இருந்தாலும், சி.டி.சி.க்கு மேலே வருகிற பணம் என்றால் ஊழியருக்கு அது ஆதாயம்தான்.

நம் ஊரில் இந்தப் பட்டியலின் தலையில் நிற்க வேண்டியது பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு. அறுபது, எழுபது வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு தனியாகக் காப்பீடு எடுக்கப் போனால் பிரீமியம் மலைக்க வைக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் சேர்த்தால் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு இல்லை. பெற்றோர், மாமனார் மாமியார் என்று யாரைச் சேர்ப்பது என்ற தேர்வையும் ஊழியருக்கே விட்டுவிட்டால், நடுத்தரக் குடும்பம் ஒன்று கடனில் விழாமல் தப்பிக்கும்.

செயலியால் வராத நிம்மதி

சில நிறுவனங்கள் மன அழுத்தத்துக்கு மருந்தாகத் தியானச் செயலி தருகின்றன. மன உறுதிப் பயிற்சி நடத்துகின்றன. இவற்றால் என்ன பலன்? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தகவல்களை ஆராய்ந்து 2024-ல் வெளியிட்ட முடிவு, யோசிக்க வைக்கிறது. இத்தகைய பயிற்சிகளிலும் செயலிகளிலும் பங்கேற்றவர்களின் மனநலம், பங்கேற்காதவர்களைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை. தொண்டுப் பணிக்கு வாய்ப்பளித்த திட்டங்கள் மட்டும் விதிவிலக்கு. தனி மனிதரைத் திருத்த முயல்வதைவிட வேலையின் நிலைமைகளை மாற்ற வேண்டும் என்பதே அவருடைய வாதம்.

நீண்ட வேலை நேரம் ஆளையே கொல்லும். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக, 2016-ல் மட்டும் உலகெங்கும் 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டுச் சொல்லின. இரவு பதினொரு மணி வரை ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு, கைபேசியில் தியானச் செயலியை ஏற்றித் தருவதில் என்ன அர்த்தம்?

எது பலன் தரும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் மட்டும் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று சோதித்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் நடத்திய இந்த ஆய்வு 2024-ல் வெளியானது. வேலைத் திறனும் பதவி உயர்வும் குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும் வெகுதூரம் பயணம் செய்கிறவர்களிடமும் இந்த மாற்றம் நன்றாகவே தெரிந்தது. தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கும் ஆவடியிலிருந்து தரமணிக்கும் தினமும் அல்லாடுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஊழியரை ஊரிலிருந்து நகரத்துக்கு இழுப்பதற்குப் பதிலாக அலுவலகத்தை ஊருக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நடத்தும் அலுவலகம் நம் கண்முன் இருக்கும் உதாரணம். வேலையும் சம்பளமும் இருக்க, பெற்றோரோடும் சொந்த மண்ணோடும் வாழ முடிவதைவிடப் பெரிய வாழ்க்கைச் சலுகை எது?

ஞாயிறு விடுமுறை வந்த கதை

சலுகை என்று இன்று நாம் நினைக்கும் பலவற்றை ஒரு காலத்தில் போராடித்தான் பெற்றார்கள். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வோடு, குறைந்த வேலை நேரமும் ஞாயிறு விடுமுறையும் கேட்டார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. வாரத்தில் ஒரு நாள் தன் குடும்பத்தோடு இருக்கும் உரிமைக்கும் கூலிக்கு நிகரான மதிப்பு உண்டு என்று அந்த ஆலைத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது.

தாமாகவே தந்தவர்களும் உண்டு. ஜாம்ஷெட்பூரில் டாடா எஃகு ஆலை 1912-லேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. 1920-ல் சம்பளத்துடன் விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும், 1928-ல் மகப்பேறு உதவியும் தந்தது. இவற்றில் பலவும் பல ஆண்டுகள் கழித்துத்தான் நாட்டின் சட்டமாயின.

முடிவு யார் கையில்?

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. தினமும் 12 மணி நேரம் வரை வேலை வாங்க ஆலைகளுக்கு விலக்கு தர அது வழி செய்தது. வாரம் 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுப்பு, தொழிலாளி விரும்பினால் மட்டுமே என்று அரசு விளக்கம் சொன்னது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

மூன்று நாள் விடுப்பு என்ற யோசனை மோசமானது இல்லை. 2022-ல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் வாரம் நான்கு நாள் வேலையைச் சோதித்தன. சோதனைக்குப் பிறகும் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. ஆனால், அங்கே சம்பளத்தைக் குறைக்காமல் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். இங்கே அதே 48 மணி நேரத்தை நான்கு நாளில் திணிக்கும் ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. ‘விரும்பினால்’ என்ற சொல், வேலை போய்விடுமோ என்று பயப்படும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் எடுபடாது. மறுக்கும் வலிமை இருப்பவருக்குத்தான் தேர்வு என்பது தேர்வாக இருக்கும். எந்தச் சலுகைத் திட்டத்தையும் உரசிப் பார்க்க வேண்டிய இடம் இது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே

நெகிழ்வான சலுகைகள் பற்றிய பேச்சு பெரும்பாலும் கணினி முன் அமர்ந்திருப்பவர்களோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல்தான் சட்டம் வந்தது. கேரளம் 2018-லேயே கொண்டுவந்தது. பணிநேரம் முழுவதும் நின்றே இருந்த பெண்களுக்கு ஒரு முக்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர்களின் கால்களிடம்தான் கேட்க வேண்டும்.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி ஏராளமானோர் நோயுற்றார்கள். ஆத்திரமடைந்த பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். அவர்கள் கேட்டது பாதுகாப்பான சாப்பாடும் மனிதர் தங்கத்தக்க இடமும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகத்தை 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் கட்டித் திறந்தது. ஆலைத் தொழிலாளிக்கு வாழ்க்கைச் சலுகை என்றால் படுக்கை, கழிப்பறை, சோறு ஆகியவற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

மகப்பேறுச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் தினம் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகும் வீட்டிலிருந்து வேலை பார்க்க நிறுவனத்தோடு பேசி முடிவு செய்யவும் வழி வைத்தது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு தருகிறது. சட்டத்தில் இருக்கும் காப்பகம் உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா? தொழிலாளர் துறை இந்தக் கேள்வியை ஆலை ஆலையாகப் போய்க் கேட்டாலே ஆயிரக்கணக்கான தாய்மார்கள் வேலையை விடாமல் இருப்பார்கள்.

உணவு விநியோகம் செய்யும் இளைஞர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். சோமாட்டோ 2019-ல் ஆண், பெண் இரு பாலருக்கும் 26 வாரப் பெற்றோர் விடுப்பு அறிவித்தபோது எல்லோரும் பாராட்டினோம், பாராட்டத்தக்கதும்தான். ஆனால், இந்தத் தொழிலில் உணவைக் கொண்டுவருகிறவர் சட்டத்தின் பார்வையில் ஊழியர் இல்லை. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கு நலவாரியம் அமைந்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது. சித்திரை வெயிலில் பத்து நிமிடம் உட்காரவும் கைபேசிக்குச் சார்ஜ் போடவும் கழிப்பறை போகவும் ஓர் இடம். நிறுவனங்கள் செய்திருக்க வேண்டியதை மாநகராட்சி செய்திருக்கிறது.

சிறு நிறுவனம் என்ன செய்யலாம்?

‘இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, முப்பது பேரை வைத்து நடத்தும் எனக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?’ என்று திருப்பூரிலோ சிவகாசியிலோ ஒரு முதலாளி கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பணம் அதிகம் கேட்காத சலுகைகளும் உண்டு:

• அடுத்த வார ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்பே ஒட்டுங்கள். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக ஊழியர் திட்டமிட முடியும்.

• மாதம் இரண்டு முறை, காரணம் கேட்காமல் ஒரு மணி நேரப் பெர்மிஷன் கொடுங்கள்.

• ஊழியர்கள் தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்ள அனுமதியுங்கள்.

• சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களை இ.எஸ்.ஐ.யில் சேர்ப்பது சட்டக் கடமை. அதற்கு மேல் போனவர்களைக் குழுக் காப்பீட்டில் சேர்க்கலாம்.

• தொழிற்பேட்டையில் பக்கத்து யூனிட்டுகளோடு சேர்ந்து ஒரு குழந்தைக் காப்பகம் நடத்துங்கள். செலவு பகிர்ந்துபோகும்.

ஊழியர் கேட்க வேண்டியவை

வேலைக்கான கடிதத்தில் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தச் சலுகை சி.டி.சி.க்கு உள்ளேயா, மேலேயா? பயன்படுத்தாத தொகை கைக்கு வருமா, ஆண்டுக் கடைசியில் காலாவதியாகுமா? காப்பீட்டில் பெற்றோர் உண்டா, பிரீமியம் யார் கட்டுகிறார்கள்? அலுவலகத்தில் துப்புரவு செய்கிற, காவல் காக்கிற ஒப்பந்த ஊழியர்களுக்கு இதில் என்ன உண்டு? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து நிறுவனத்தின் குணத்தை அறிந்துகொள்ளலாம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். வாழ்க்கைச் சலுகைகளுக்கு மீண்டும் வரிவிலக்கு தருவதாக இருந்தால், ஸ்வீடனைப் போல, கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் தரும் நிறுவனத்துக்கு மட்டும் தாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். அந்த ஒரு நிபந்தனை இருந்தால், உயர் பதவியில் இருப்பவருக்கு ஜிம் கார்டு வாங்க நினைக்கும் நிறுவனம், முதலில் வாசல் காவலாளியின் அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டி வரும். நல்ல நிறுவனங்கள் அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வரும் ஏப்ரலிலேயே தொடங்கலாம்.